லெவையத்தன் வேக்ஸ் படிக்கப் போறீங்களா? அடிக்கடி வர்ற கேள்விகளும் என் பதில்களும்

இந்த புக்கை நான் இதுவரைக்கும் மூணு தடவை படிச்சிட்டேன், யாருக்காவது ரெகமண்ட் பண்ணா திரும்பத் திரும்ப அதே பத்து பதினஞ்சு கேள்விங்க தான் வருது, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி கை ஓஞ்சு போச்சு, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டு வைக்கிறேன். ஸ்பாய்லர் பத்தி முன்னாடியே சொல்லிடுறேன்: முதல் நூறு பக்கத்துல நடக்குறதை வெளிப்படையா பேசுவேன், அது தெரியாம இந்த புக்கை பத்தி உருப்படியா ஒண்ணுமே பேச முடியாது. அதுக்கு மேல நடக்குறதை உடைக்க மாட்டேன், அங்கங்க சாடையா சொல்வேன் அவ்வளவு தான்.

இது என்ன புக்கு, யாரு எழுதினது?

2011ல வந்த சயின்ஸ் ஃபிக்ஷன் நாவல். 'தி எக்ஸ்பேன்ஸ்' சீரிஸ்ல முதல் புக்கு. அட்டையில ஜேம்ஸ் எஸ். ஏ. கோரின்னு ஒரே பேர் தான் இருக்கும், ஆனா அப்படி ஒரு ஆளே கிடையாது, டேனியல் ஆபிரகாம், டை ஃப்ராங்க்னு ரெண்டு பேர் சேர்ந்து வெச்சுக்கிட்ட புனைபேர் அது. ஜேம்ஸ்ங்கிறது ஆபிரகாமோட நடுப்பேர், கோரிங்கிறது ஃப்ராங்கோட நடுப்பேர், நடுவுல இருக்குற எஸ். ஏ. ஆபிரகாமோட மகளோட இனிஷியல். மொத்தம் 9 நாவல், கடைசி புக்கு 'லெவையத்தன் ஃபால்ஸ்' 2021ல வந்துச்சு, அதனால எழுத்தாளர் முடிப்பாரா மாட்டாராங்கிற கவலை இல்லாம தைரியமா ஆரம்பிக்கலாம், இந்த ஜானர்ல அதுவே பெரிய விஷயம். முதல் புக்கு 2012ல ஹியூகோ அவார்டுக்கு (சயின்ஸ் ஃபிக்ஷன், ஃபேன்டசிக்கு குடுக்குற பெரிய விருது) நாமினேட் ஆச்சு, ஜெயிக்கல. முழு சீரிஸுக்கும் 2020ல பெஸ்ட் சீரிஸ் ஹியூகோ கிடைச்சுது.

கதை என்னன்னு சுருக்கமா சொல்ல முடியுமா?

இன்னும் சில நூறு வருஷம் கழிச்சு நடக்குற கதை. மனுஷங்க சூரிய மண்டலத்துக்குள்ள பரவிட்டாங்க, ஆனா வேற நட்சத்திரத்துக்கு இன்னும் போகல. மூணு தரப்பு இருக்கு. பூமி, அங்க ஐநா தான் ஆட்சி. மார்ஸ், அது தனி நாடு, ராணுவத்துல கெட்டி. மூணாவது பெல்ட், அதாவது மார்ஸுக்கும் ஜூப்பிட்டருக்கும் நடுவுல இருக்குற சிறுகோள்கள்லயும் அதுக்கு அப்பாலயும் பொறந்து வளர்ந்து வேலை பாக்குற ஜனங்க. தண்ணியும் காத்தும் கூட வெளியில இருந்து வரணும், உழைப்பு இவங்களோடது, லாபம் மத்த ரெண்டு பேரோடது.

இதுல ஜிம் ஹோல்டன்னு ஒருத்தன், கேன்டர்பெரிங்கிற பழைய கப்பல்ல எக்ஸிக்யூட்டிவ் ஆபீசர், சனி கிரகத்து வளையத்துல இருந்து ஐஸ் வெட்டி எடுத்துட்டு வந்து சப்ளை பண்றது அவங்க வேலை. இன்னொருத்தன் மில்லர், பெல்ட்ல சீரிஸ்ங்கிற (Ceres, புக்கு சீரிஸ் இல்ல) குறுங்கோள்ல இருக்குற ஸ்டேஷன்ல டிடெக்டிவ், விவாகரத்து ஆனவன், குடிகாரன், தலையில எப்பவும் ஒரு தொப்பி. ஜூலி மாவ்னு ஒரு பணக்கார வீட்டுப் பொண்ணு காணாம போயிட்டா, அவளை தேடிப் பிடிச்சு அப்பா அம்மாகிட்ட அனுப்பி வைக்கிறது தான் மில்லருக்கு குடுத்த வேலை. அந்தப் பக்கம் ஹோல்டனோட கப்பலுக்கு ஒரு டிஸ்ட்ரஸ் சிக்னல் வருது, ஹோல்டனும் இன்னும் நாலு பேரும் ஷட்டில்ல போய் என்னன்னு பாக்குறாங்க, அந்த நேரத்துல எங்க இருந்தோ வந்த ஒரு கப்பல் கேன்டர்பெரியை அணுகுண்டு போட்டு அழிச்சிடுது. இந்த ரெண்டு நூலும் எங்க முடிச்சு விழுதுங்கிறது தான் கதை.

550 பக்கத்துக்கு மேல இருக்கே, முதல் 50 பக்கம் தலையும் புரியல வாலும் புரியல. நார்மலா?

நார்மல் தான். முன்னுரையா ஒரு சின்ன பகுதி வரும், ஜூலி ஒரு கப்பல்ல லாக்கருக்குள்ள எட்டு நாளா அடைபட்டு கிடக்குறா, என்ன ஏதுன்னு ஒண்ணும் சொல்லாம அது பாட்டுக்கு முடிஞ்சிடும், உடனே ஹோல்டன், அடுத்து மில்லர், ரெண்டு பேருக்கும் சுத்தி பத்து பேர், எல்லாருக்கும் பேர் இருக்கும். நான் முதல் தடவை படிக்கும்போது ஒரு பேப்பர்ல பேரெல்லாம் எழுதி அம்புக்குறி போட்டுட்டு இருந்தேன், அது வேஸ்ட்டுன்னு பின்னாடி தான் தெரிஞ்சுது, ஏன்னா அந்த முதல் அம்பது பக்கத்துல வர்ற பேர்கள்ல பாதிக்கு மேல கேன்டர்பெரியோட சேர்ந்து போயிடும். எழுதி வைக்காதீங்க, அப்படியே படிச்சுட்டு போங்க.

நிஜமா ஞாபகம் வெச்சுக்க வேண்டிய பேர் ஹோல்டன், அவன் கூட ஷட்டில்ல போற நவோமி, ஏமஸ், அலெக்ஸ், அப்புறம் மில்லர், ஜூலி. ஆறே பேர். மீதி தானா ஒட்டிக்கும்.

ஒரு சேப்டர் ஹோல்டன், ஒரு சேப்டர் மில்லர்னு ஏன் மாத்தி மாத்தி போகுது? எரிச்சலா இருக்கு.

இந்த கேள்விக்காக தான் இவ்வளவும் எழுதுறேன்னு கூட சொல்லலாம்.

எழுதின விதமே அப்படி தான். ரெண்டு பேர்ல ஆபிரகாம் மில்லர் சேப்டர்களை எழுதினார், ஃப்ராங்க் ஹோல்டன் சேப்டர்களை எழுதினார், அப்புறம் மாத்திக்கிட்டு ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் திருத்துவார். மொத்தம் 55 சேப்டர், தலைப்பே அந்த ஆளோட பேர் தான். ஆனா இது வெறும் வேலைப் பங்கீடு இல்ல. இவங்க ரெண்டு பேரும் உலகத்தை பாக்குற விதமே வேற. ஹோல்டனுக்கு எல்லா உண்மையும் எல்லாருக்கும் தெரிஞ்சுட்டா எல்லாம் சரியாயிடும்னு நம்பிக்கை, வெள்ளந்தி. மில்லர் போலீஸ்காரன், பாதி தகவல் முழு பொய்யை விட ஆபத்துன்னு அவனுக்கு தெரியும், முழுசா கையில கிடைக்கிற வரைக்கும் வாயை திறக்க மாட்டான், அதே சமயம் சில வாயை எப்படி மூடணுங்கிறதுலயும் அவனுக்கு கூச்சம் கிடையாது.

அதனால ஹோல்டன் சேப்டர் படிக்கும்போது ஸ்பேஸ் அட்வென்ச்சர் மாதிரி இருக்கும், மில்லர் சேப்டர் பழைய துப்பறியும் கதை மாதிரி இருக்கும், ரெண்டு புக்கை கலைச்சு ஒண்ணா பைண்ட் பண்ண மாதிரி ஃபீல் வரும். தப்பு இல்ல, ஆனா அதை ரெண்டு கதையா படிக்காதீங்க, ஒரு வாக்குவாதமா படிங்க. ஒரு சேப்டர்ல ஒருத்தன் ஒரு காரியம் பண்ணுவான், அடுத்த சேப்டர்ல இன்னொருத்தன் வாசல்ல அதோட விளைவு வந்து நிக்கும்.

அப்படி என்ன வாக்குவாதம்? உதாரணம் சொல்லுங்க.

கேன்டர்பெரி போன பிறகு ஷட்டில்ல மிஞ்சினது அஞ்சு பேர். அந்த டிஸ்ட்ரஸ் சிக்னலை அனுப்பின டிரான்ஸ்மிட்டர்ல மார்ஸ் நேவியோட அடையாளம் இருக்கு. ஹோல்டன் என்ன பண்றான்? கேமரா முன்னாடி உக்காந்து, நான் இன்னார், என் கப்பலை அழிச்சிட்டாங்க, நாங்க கண்டுபிடிச்சது இதுன்னு சொல்லி மொத்த சூரிய மண்டலத்துக்கும் பிராட்காஸ்ட் பண்ணிடுறான். எங்களை சத்தமில்லாம முடிச்சிடக் கூடாதுங்கிற பயமும் அதுல இருக்கு, நியாயமும் இருக்கு. கவனிச்சு படிங்க, மார்ஸ் தான் பண்ணுச்சுன்னு அவன் அடிச்சு சொல்லவே மாட்டான். கண்டுபிடிச்சதை மட்டும் சொல்றான். கேக்குறவன் மீதியை தானே நிரப்பிக்கிறான்.

இப்ப பக்கத்தை திருப்புங்க. மில்லர் இருக்குற சீரிஸ்ல அந்த செய்தி வந்து விழுது, தெருவுல கூட்டம் கூடுது, மார்ஸ்காரன் மாதிரி தெரிஞ்சவனுக்கெல்லாம் அடி விழுது, மில்லரும் அவன் கூட வேலை பாக்குறவங்களும் தான் அதை போய் அடக்கணும். ஹோல்டனுக்கு இது எதுவும் தெரியாது, அவன் எங்கயோ இருட்டுல ஒரு ஷட்டில்ல இருக்கான். அனுப்பினதை திரும்ப வாங்கவும் முடியாது, ஒளி வேகத்துல போயிட்டு இருக்குற செய்தியை பின்னாடி ஓடிப் பிடிக்க எதுவும் கிடையாது.

முதல் தடவை படிச்சப்போ நான் ஹோல்டன் பக்கம். ரெண்டாவது தடவை மில்லர் பக்கம் சாஞ்சேன். மூணாவது தடவை தான் தோணுச்சு, புக்கு எந்தப் பக்கமும் தீர்ப்பு எழுதல, ஒவ்வொருத்தன் வழிக்கும் ஒரு பிணக்குவியலை காட்டுதுன்னு. ரெண்டு பேரும் நேர்ல சந்திச்ச பிறகு இதை பத்தி சண்டையே வரும், அந்த இடத்துக்காக காத்திருங்க.

இதுல வர்ற சயின்ஸ் நிஜமா, ரீலா?

முக்கால்வாசி நிஜம், கால்வாசி சாமர்த்தியமான ரீல்.

கப்பலை எடுத்துக்கோங்க. பெரும்பாலான படங்கள்ல ஸ்பேஸ்ஷிப்னா விமானம் மாதிரி படுத்த வாக்குல பறக்கும், உள்ள எல்லாரும் சாவகாசமா நடப்பாங்க, ஈர்ப்பு எங்க இருந்து வருதுன்னு யாரும் கேக்க மாட்டாங்க. இதுல கப்பல் ஒரு அடுக்குமாடி கட்டடம் மாதிரி, இன்ஜின் அடியில, மாடிகள் ஒண்ணு மேல ஒண்ணு. இன்ஜின் எரிஞ்சா தரை உங்களை மேல தள்ளும், அந்த தள்ளு தான் ஈர்ப்பு. இன்ஜினை அணைச்சா மிதப்பீங்க. பாதி தூரம் வேகம் கூட்டிட்டே போய், நடுவுல கப்பலை அப்படியே தலைகீழா திருப்பி, மீதி பாதி முழுக்க பிரேக் போட்டுட்டே போகணும். இது எல்லாமே சரியான பிசிக்ஸ்.

ரீல் எங்கன்னா அந்த இன்ஜின்ல. எப்ஸ்டைன் டிரைவ்னு பேரு, கொஞ்சூண்டு எரிபொருள்ல நாள்கணக்கா எரியும். சும்மா ஒரு கணக்கு போட்டு பாத்தேன்: பூமியில இருந்து மார்ஸுக்கு 7.8 கோடி கிலோமீட்டர்னு வெச்சுக்கிட்டு, 1 ஜி (பூமியில நாம உணர்ற ஈர்ப்பு அளவு) வேகமுடுக்கத்துல பாதி தூரம் போய் திருப்பி பிரேக் போட்டா ரெண்டு நாள்ல சேர்ந்துடலாம். நடுவுல வேகம் நொடிக்கு 870 கிலோமீட்டரை தாண்டும். நிஜத்துல நாசாவோட பெர்சிவரன்ஸ் 2020 ஜூலையில கிளம்பி 2021 பிப்ரவரில போய் இறங்குச்சு, கிட்டத்தட்ட ஏழு மாசம். அந்த ஏழு மாசத்தை சில நாளா சுருக்குறதுக்கு ஆசிரியர்கள் கேட்ட ஒரே சலுகை அந்த இன்ஜின். அது எப்படி வேலை செய்யுதுன்னு அவங்களை கேட்டப்போ, ரொம்ப நல்லா வேலை செய்யுதுங்கிற மாதிரி பதில் சொல்லி நழுவிட்டாங்க. எனக்கு அந்த நேர்மை பிடிச்சிருக்கு.

ஆனா இன்ஜின் எவ்வளவு ஒத்துழைச்சாலும் உடம்பு ஒத்துழைக்காது. பல ஜி போட்டா ரத்தக்குழாய் வெடிக்கும், அதுக்காக ஜெல் வெச்ச படுக்கை, நரம்புல ஏத்துற மருந்துன்னு ஒரு ஏற்பாடு இருக்கு, மருந்துக்கு அவங்க ஜூஸ்னு செல்லப் பேர் வெச்சிருக்காங்க. சண்டைக் காட்சியில எதிரியோட சேத்து சொந்த கப்பலோட வேகமும் ஆளை கொல்லப் பாக்கும்.

சீரிஸ், ஈரோஸ், ஃபீபி எல்லாம் நிஜத்துல இருக்கா?

மூணும் இருக்கு, அதை தெரிஞ்சுக்கிட்டு படிச்சா ருசி கூடும்.

சீரிஸ் 1801ல கண்டுபிடிச்சது, குறுக்களவு சுமார் 940 கிலோமீட்டர், 2006ல இருந்து குறுங்கோள் பட்டியல்ல இருக்கு. அதோட சொந்த ஈர்ப்பு நம்ம பூமியோடதுல 3 சதவீதம் தான். நாவல்ல அதை வேகமா சுழல விட்டு, உள்ள குடைஞ்ச சுரங்கங்கள்ல 0.3 ஜி வர வெச்சிருக்காங்க, அங்க 60 லட்சம் பேர் வாழுறாங்க. பாறைக்கு உள்ள, கால் வெளிப்பக்கம், தலை மையத்து பக்கம், அப்படி நிக்கணும். கணக்கு போட்டா சீரிஸ் சுமார் 40 நிமிஷத்துக்கு ஒரு தரம் சுத்தணும், இப்ப அது ஒரு சுத்துக்கு எடுத்துக்குறது 9 மணி நேரம். இங்க ஆசிரியர்கள் ஏமாத்துறாங்க. தன்னை பிடிச்சு வெச்சிருக்குற ஈர்ப்பை விட பத்து மடங்கு விசை வெளிய தள்ளும்போது அந்த ஐஸும் பாறையும் அப்படியே பிச்சுக்கிட்டு போயிடும். போகட்டும், ஊர் அழகா இருக்கு, மன்னிச்சுட்டேன்.

ஈரோஸ் 1898ல கண்டுபிடிச்சது, 34 கிலோமீட்டர் நீளத்துல கோணல்மாணலா ஒரு கல்லு, 2001ல நியர் ஷூமேக்கர் விண்கலம் அதுல போய் இறங்குச்சு, சிறுகோள் ஒண்ணுல ஒரு விண்கலம் இறங்கினது அது தான் முதல் தடவை. நாவல்ல இந்த கல்லு என்ன ஆகுதுங்கிறது வேற கதை, சொல்ல மாட்டேன்.

எனக்கு ரொம்ப பிடிச்சது ஃபீபி தான். சனியோட நிலா, 1899ல கண்டுபிடிச்சது, மத்த பெரிய நிலாக்கள் எல்லாம் ஒரு பக்கம் சுத்தும்போது இது எதிர்ப்பக்கம் சுத்தும். 2004ல கசினி விண்கலம் பக்கத்துல போய் பாத்துச்சு, அது சனியோட கூடப் பிறந்தது இல்ல, வெளியில ரொம்ப தூரத்துல இருந்து வந்து மாட்டிக்கிட்டதுன்னு தான் விஞ்ஞானிகள் நினைக்கிறாங்க. இதை தெரிஞ்சு வெச்சுக்கிட்டு நாவல்ல ஃபீபிங்கிற பேர் வர்ற இடத்தை படிங்க. ஒரு நிஜ வானியல் தகவலை எடுத்து, வெளியில இருந்து வந்ததுன்னா கூட எதையாவது கொண்டு வந்திருக்குமோன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்காங்க, மொத்த சீரிஸும் அந்த கேள்வியில இருந்து முளைச்சது.

எனக்கு சயின்ஸ் சுத்தமா வராது. படிக்கலாமா?

தாராளமா. மேல நான் போட்ட கணக்கு எதுவும் புக்குல இல்ல, எனக்கு அரிப்பு தாங்காம போட்டது.

பெல்ட்டர்ஸ் பேசுற பாஷை புரியவே இல்லையே?

புரியணும்னு அவங்க எழுதல. பல நாட்டுக்காரங்க ஒண்ணா வேலை பாத்து பாத்து உருவான கலப்பு பாஷை அது, நாவல்ல பல மொழி வார்த்தையை பிச்சுப் போட்டு கலக்கியிருப்பாங்க. கிளாசரி தேடாதீங்க. மில்லரே அங்க பொறந்தவன், அவனுக்கு புரியும், அவன் என்ன பதில் சொல்றான்னு பாத்தா உங்களுக்கும் விஷயம் பிடிபட்டுடும். டிவி சீரிஸ்ல நிக் ஃபார்மர்னு ஒரு மொழியியல் ஆள் இலக்கணத்தோட தனி பாஷையாவே உருவாக்கி குடுத்தார், நாவல்ல இருக்குறது அவ்வளவு ஒழுங்கு இல்ல.

பாஷையை விட கையை கவனிங்க. விண்வெளி சூட் போட்டுக்கிட்டு தலையாட்டினாலும் தோளை குலுக்கினாலும் எதிர்ல இருக்குறவனுக்கு தெரியாது, அதனால பெல்ட்டர்ஸ் ஆமா, இல்ல, எனக்கென்ன போச்சு எல்லாத்தையும் கையாலயே சொல்லி பழகிட்டாங்க, சூட் இல்லாதப்பவும் அப்படியே தான் பேசுவாங்க. குறைஞ்ச ஈர்ப்புல வளர்ந்ததால ஆள் நெட்டையா ஒல்லியா இருப்பாங்க, அதனால ரூம்ல நுழைஞ்ச உடனே யாரு எந்த ஊர்னு தெரிஞ்சிடும், மனுஷன் மனுஷனை வெறுக்க அது போதுமே. அலெக்ஸ்னு பைலட் ஒருத்தன் வருவான், பேர் கமால், முகம் இந்திய முகம், பேச்சு டெக்சாஸ் இழுவை. மார்ஸ்ல மரினர் பள்ளத்தாக்குல இந்தியர், சீனர், டெக்சாஸ்காரங்க சேர்ந்து குடியேறினாங்களாம், அங்க எல்லாருக்கும் டெக்சாஸ் இழுவை தான் ஒட்டிக்கிச்சாம். முதல் தடவை படிச்சப்போ சத்தமா சிரிச்சுட்டேன்.

டிவி சீரிஸ் பாத்துட்டேன், புக்கு வேற படிக்கணுமா?

டிவி சீரிஸ் 2015 டிசம்பர்ல ஆரம்பிச்சு 2022 ஜனவரியில முடிஞ்சுது, 6 சீசன், 62 எபிசோட், நடுவுல 2018ல சேனல் கைவிட்டு அமேசான் எடுத்துக்கிச்சு. முதல் புக்கோட கதை முதல் சீசன் முழுக்கவும் ரெண்டாவது சீசன்ல அஞ்சாவது எபிசோட் வரைக்கும் ஓடும். நீங்க பாத்திருந்தா முடிச்சு எல்லாம் தெரிஞ்சிருக்கும், உண்மை தான்.

ஆனா டிவில பூமியோட ஐநா ஆட்சியில பெரிய பதவியில இருக்குற நம்ம அவசராலா அம்மா முதல் எபிசோட்லயே வந்துடுவாங்க, புக்குல அவங்க ரெண்டாவது நாவல்ல தான் தலை காட்டுவாங்க. இது சின்ன வித்தியாசம் மாதிரி தெரியும், இல்லவே இல்ல. டிவில பூமி என்ன யோசிக்குதுன்னு நமக்கு தெரியும். முதல் நாவல்ல அது தெரியவே தெரியாது, ஹோல்டனுக்கும் மில்லருக்கும் தெரிஞ்சது மட்டும் தான் நமக்கும், பூமியும் மார்ஸும் எங்கயோ தூரத்துல இடி இடிக்கிற மாதிரி தான். யாருகிட்ட எவ்வளவு தகவல் இருக்குங்கிறது தான் இந்த கதையோட உயிரேன்னு மேல சொன்னேன்ல, அது புக்குல தான் முழுசா வேலை செய்யும். அது போக, டிவி ஆறாவது நாவலோட நின்னு போச்சு, கடைசி மூணு படமாகல.

புக்கு படிக்கவே இல்ல, டிவியும் பாக்கலன்னா? புக்கு முதல்ல. யோசிக்காதீங்க.

ஆடியோபுக் கேக்கலாமா?

கேக்கலாம், ஜெஃபர்சன் மேஸ் வாசிச்சிருக்கார், கிட்டத்தட்ட 21 மணி நேரம். சேப்டர் தலைப்பை மட்டும் கவனமா கேளுங்க, அது ஹோல்டனா மில்லரான்னு தவற விட்டா ரெண்டு நிமிஷம் முழிக்க வேண்டி வரும்.

இது முதல்ல கேம்னு கேள்விப்பட்டேன், அப்படியா?

ஆமா. ஃப்ராங்க் இந்த உலகத்தை முதல்ல ஒரு ஆன்லைன் கேமுக்காக யோசிச்சார், அது நடக்கல, அப்புறம் நண்பர்களோட ரோல் பிளேயிங் கேமா ஆடிட்டு இருந்தார். ஆபிரகாம் அவர் சேர்த்து வெச்சிருந்த குறிப்புகளை பாத்துட்டு இது நாவலாச்சேன்னு இழுத்துட்டு வந்தார். அதோட தடயம் இன்னும் இருக்கு: ஒரு கேப்டன், ஒரு இன்ஜினியர், ஒரு மெக்கானிக், ஒரு பைலட், கூட ஒரு கப்பல், பக்கா கேம் டீம். கதையில ஒரு ஆள் எதிர்பாக்காத இடத்துல, ஒரு முன்னறிவிப்பும் இல்லாம போயிடுவார். காரணம் என்னன்னா, நிஜ கேம்ல அந்த ரோல் ஆடினவர் பாதியில ஆட்டத்தை விட்டு போயிட்டாராம். படிக்கும்போது அது தெரியாம தூக்கிவாரிப் போட்டுச்சு, தெரிஞ்ச பிறகும் அந்த இடம் அப்படியே தான் தூக்கிவாரிப் போடுது.

பயமா இருக்குமா? சின்ன பசங்களுக்கு குடுக்கலாமா?

சின்ன பசங்களுக்கு வேண்டாம். முதல் பாதி வரைக்கும் ஸ்பேஸ் சண்டை, துப்பறியுறதுன்னு போயிட்டு இருக்கும், நடுவுல ஒரு கட்டத்துல திடீர்னு ஹாரர் ஆயிடும், உடம்புக்கு நடக்குற அசிங்கமான விஷயங்கள் வரும், சாப்பிட்டுக்கிட்டே படிக்காதீங்க. கெட்ட வார்த்தையும் உண்டு. பதினாறு பதினேழு வயசுக்கு மேலன்னா சரி.

குறைன்னு எதுவுமே இல்லையா?

இருக்கு. முன்னுரையையும் கடைசி சின்ன பகுதியையும் விட்டா முழுக் கதையும் ரெண்டு ஆம்பளைங்க கண்ணு வழியா தான். நவோமி அந்த கப்பல்லயே அதிகம் தெரிஞ்சவ, ஆனா ஹோல்டன் அவளை பாக்குற விதத்துல தான் நமக்கு அவ தெரியுறா, அஞ்சாவது நாவல்ல அவளுக்கே சேப்டர் குடுக்குறப்போ தான் என்ன இழந்திருந்தோம்னு புரியும். மில்லருக்கு ஜூலி மேல வர்ற பிடிப்பும் சிலருக்கு ஒத்துக்காது, நேர்ல பாக்காத பொண்ணை மனசுக்குள்ளயே கட்டி எழுப்பி அவகூட பேசிட்டு இருப்பான். எனக்கு முதல்ல அது பழைய டிடெக்டிவ் கதைகளோட தேஞ்சு போன பழக்கம்னு தான் பட்டுச்சு. இப்ப கொஞ்சம் மாறியிருக்கு, ஏன்னு சொன்னா முடிவை சொல்ல வேண்டி வரும்.

குறுநாவல்களை எல்லாம் முன்னாடியே படிக்கணுமா? எந்த ஆர்டர்?

வெளிவந்த ஆர்டர்லயே படிங்க, கதை நடக்குற கால வரிசையில அடுக்காதீங்க. எப்ஸ்டைன் டிரைவை கண்டுபிடிச்ச ஆளை பத்தி 'டிரைவ்'னு ஒரு சிறுகதை இருக்கு, கால வரிசைப்படி அது தான் ரொம்ப முன்னாடி, ஆனா அதை முதல்ல படிச்சா அந்த இன்ஜினால உலகம் என்ன ஆச்சுன்னு தெரியாம வெறும் விபத்து கதையா போயிடும். 'தி புட்சர் ஆஃப் ஆண்டர்சன் ஸ்டேஷன்' மட்டும் முதல் நாவல் முடிச்ச உடனே படிக்கலாம், ஃப்ரெட் ஜான்சன்னு ஒரு ஆள் ஏன் அப்படி இருக்கார்ங்கிற கதை. குறுங்கதைகள் எல்லாம் சேர்த்து 'மெமரிஸ் லீஜன்'னு 2022ல ஒரே புக்கா வந்துடுச்சு.

முதல் புக்கோட நிறுத்திக்கலாமா, ஒன்பதும் படிச்சே ஆகணுமா?

நிறுத்தலாம். ஜூலிக்கு என்ன ஆச்சு, கேன்டர்பெரியை யாரு அழிச்சா, ரெண்டுக்கும் பதில் இதுலயே கிடைச்சிடும். ஒரு பெரிய கதவு மட்டும் திறந்தபடி இருக்கும், அதுக்குள்ள எட்டிப் பாக்கணுமா வேண்டாமாங்கிறது உங்க இஷ்டம். தொடர்ந்தா ஆறாவது நாவல் ஒரு நல்ல இடைவேளை, அதுக்கும் ஏழாவதுக்கும் நடுவுல கதையில சுமார் 30 வருஷம் தாவிடும்.

எவ்வளவு தூரம் படிச்சும் பிடிக்கலன்னா விட்டுடலாம்?

ஹோல்டனோட பிராட்காஸ்ட், அதுக்கு அடுத்து வர்ற மில்லர் சேப்டர், இந்த ரெண்டையும் படிச்ச பிறகும் மூணாவதை திருப்ப கை போகலன்னா மூடி வெச்சிடுங்க. இதுக்கு மேல நல்லா ஆகும்னு நான் சமாதானம் சொல்ல மாட்டேன், இந்த புக்கு என்ன வகைங்கிறது அந்த ரெண்டு சேப்டர்லயே தெரிஞ்சிடும்.

முடிச்சுட்டேன், இப்ப என்ன?

ரெண்டாவது புக்கை எடுக்குறதுக்கு முன்னாடி முதல் நாவலோட முன்னுரையை திரும்ப ஒரு தரம் படிங்க, சில பக்கம் தான். ஜூலி லாக்கரை விட்டு வெளிய வந்து அந்த கப்பலுக்குள்ள ஒவ்வொரு இடமா நடந்து பாக்குறா. முதல் தடவை என்னத்தை பாக்குறான்னே புரியாம தாண்டி போயிருப்பீங்க. இப்ப அவ இன்ஜின் ரூம் கதவை திறக்கப் போறான்னு தெரியும், உள்ள என்ன இருக்குன்னும் தெரியும். எனக்கு அந்த இடத்துல வேண்டாம்மா, போகாதன்னு வாய் விட்டே வந்துடுச்சு.